கடையில் புலி, வீட்டில் எலி

லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொண்டு வருகிறவர்கள் சொல்வதை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே சீட்டில் எழுத வேண்டும் என்பது மாமாவின் சட்டம். 'விசிறி பழுது', 'திரையில் கோளாறு' என்று நாமாக ஒரு பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பெயரைத்தான் பழுது பார்ப்போமாம், லேப்டாப்பை அல்ல. அதனால் என் சீட்டுக் கட்டில் இப்படியெல்லாம் இருக்கும்: 'திறந்தா பெருமூச்சு விடுது.' 'என் வீட்டுக்காரர் தொட்டா மட்டும் வேலை செய்யுது.' 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, நான் ஒண்ணும் பண்ணல.' இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது எழுதுவேன்.

எனக்கு அந்த வேலை தோதாக இருந்தது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு இரண்டு வருடமாக மாமா கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசுவது அவர்கள், எழுதுவது நான். மாமா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அவர் தம்பி என்பதால் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மாமாவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. லேப்டாப்பை மட்டும்தான் வாங்க வேண்டும். பை, சார்ஜர், மவுஸ் எதையும் தொடக்கூடாது. ஒருமுறை மூன்று பேருடைய கறுப்புச் சார்ஜர்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போய், மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று கத்தினார்கள். அன்றிலிருந்து கடைச் சுவரில் எங்கள் சொந்தச் சார்ஜர்கள் ஆறு வகையில் தொங்குகின்றன. எந்த லேப்டாப் வந்தாலும் அவற்றில் ஒன்றைச் செருகித்தான் சோதிப்போம்.

அக்காவின் சீட்டையும் நான்தான் எழுதினேன். அவள் சொன்னது இது: 'சும்மா இருந்தா நல்லா இருக்கு. வேலை செஞ்சா படுத்துக்குது.'

மாமா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது லேப்டாப்பைப் பத்தியா, உங்கப்பனைப் பத்தியா?"

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அது சிரிக்கும் விஷயமாக இல்லை.

அவள் வேலை பார்த்த அலுவலகத்தைப் பூட்டிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதில் பத்து மாதம் ஒரே ஒரு வேலைக்காகப் பழகினாள். கூட்டங்களில் பேசுகிறவர்கள் பேசப் பேச, காது கேளாதவர்கள் படிப்பதற்காக அதை அப்படியே தட்டித் திரையின் அடியில் ஓடவிடும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சொல் சரியாக வரவேண்டும். எழுத்து பேச்சைவிட மூன்று விநாடிக்கு மேல் பிந்தக் கூடாது. ஓர் ஆளுக்கு இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பு போய்விட்டது. தேர்வு நடக்கும்போது கேமரா ஓடும், ஒலி பதிவாகும், இவள் திரையைத் தேர்வு நடத்துகிறவர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழகும்போதே எழுத்து ஓரிரு விநாடி பிந்தித்தான் வரும், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வில் இத்தனையும் சேர்ந்ததும் லேப்டாப் படுத்துவிட்டது. அக்கா தட்டிய எழுத்து ஒன்பது விநாடி கழித்து வந்தது. சொல் தொண்ணூற்றேழு சரி. ஆனால் பிந்தியதால் தோல்வி. இரண்டாவது வாய்ப்பு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு. அதுவும் போனால் வெள்ளிக்கிழமையிலிருந்து பெரியப்பாவின் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டப் போவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளுக்காக ஒரு நீல மேலங்கியைக்கூடக் கொடுத்தனுப்பிவிட்டார். அது எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

மாமா லேப்டாப்பைத் திறந்தார். விசிறியில் பஞ்சுபோல் தூசி இருந்தது. அதைத் தட்டினார். ப்ராசஸர் மேல் காய்ந்து ஓடாகிப்போயிருந்த பசையைச் சுரண்டிப் புதிது தடவினார். திரையின் மூலையில் ஒரு சின்ன நிரலைப் போட்டார். அது இரண்டு எண்களைக் காட்டும்: ஒன்று வேகம், ஒன்று சூடு. பிறகு ப்ராசஸருக்கு வேண்டுமென்றே கனமான வேலை கொடுத்து நாற்பது நிமிடம் ஓடவிட்டார். வேகம் மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை.

"எடுத்துட்டுப் போ பெரியவளே. குதிரை மாதிரி ஓடும்."

வீட்டுக்குப் போய் அக்கா கேமராவையும் பதிவையும் போட்டாள். வேகம் 0.4.

மறுநாள் திரும்பக் கடைக்கு. மாமா எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். ஒரு மணி நேரம் ஓடவிட்டார். குதிரைதான். வீட்டுக்கு வந்தது. 0.4.

"கடையில புலி, வீட்ல எலி. நான் என்ன பண்றது?" என்றார் மாமா போனில். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவ கையையும் கொஞ்சம் பாக்கச் சொல்லு."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நிஜமாவே எனக்குத்தான் மந்தமாயிடுச்சோ?" என்று என்னிடம் கேட்டாள். எப்போதும்போலப் பேசாமல் இருந்துவிட்டேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாளோ என்று அன்று முழுதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். அந்த இரண்டு அறைக்குள் லேப்டாப்பை நாங்கள் அலைக்கழித்ததற்குக் கணக்கில்லை. சன்னலோரம் வைத்தோம். தரையில் வைத்தோம். சமையலறை ஸ்விட்சில் செருகிப் பார்த்தோம். அம்மா இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை ஏற்றி, மேசை விசிறியை அதற்கு நேரே திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணுதான்டி பட்டிருக்கு. கீழ் வீட்டுக்காரி அன்னைக்கு வந்து, 'என்ன வேகமா அடிக்குது உங்க பொண்ணு'ன்னா பாரு."

"கண்ணு பட்டா என் மேலதானேம்மா படணும்? லேப்டாப்பு மேல எப்படிப் படும்?"

"நீ அதைத்தானே மடியில வெச்சிருந்தே!"

எனக்கு வேறொன்று புரியவில்லை. மூலையில் இருந்த இரண்டாவது எண், சூடு. அது ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை. கடையில் ஓடும்போது எண்பது வரை போகும், அப்போது வேகமும் இருந்தது. இங்கே சூடே இல்லை, வேகமும் இல்லை. சூட்டினால் களைத்துப் படுக்கிறது என்றால், சூடாவதற்கு முன்பே ஏன் படுக்கிறது? ஓடாமலே எப்படிக் களைக்கும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மாமாவிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். அவர் "என்ன?" என்றதும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி வாக்கில் கரண்ட் போனது.

அக்கா பழகிக்கொண்டிருந்தாள். விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் மூலையைப் பார்த்தேன். 3.1.

"அக்கா."

"என்ன?"

"ஓடுது."

அவள் தட்டிப் பார்த்தாள். விரல் எழும் முன்பே எழுத்து வந்து நின்றது. கேமரா, பதிவு எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, லேப்டாப் படுத்தது. 0.4.

"கரண்ட் போனா ஓடுது, வந்தா படுக்குதுன்னா, அப்புறம் எதுக்குடி கரண்டு?" என்றாள் அம்மா.

அதைத்தான் நானும் யோசித்தேன். சார்ஜரைக் கழற்றினேன். 3.1. செருகினேன். 0.4. கழற்றினேன். செருகினேன். பதினொரு முறை செய்தேன். பதினொரு முறையும் அப்படியே. சாப்பாடு போட்டால் மயங்குகிறது, பட்டினி போட்டால் ஓடுகிறது. இதை எந்த வார்த்தையில் சீட்டில் எழுதுவது?

"அப்ப சார்ஜர் போடாமலே தேர்வு எழுதிடறேன்" என்றாள் அக்கா.

பேட்டரி இருபத்தைந்து நிமிடம்தான் தாங்கியது. தேர்வு ஐம்பது நிமிடம்.

புதன்கிழமை காலை நான் லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். துப்பட்டாவில் சுற்றித்தான் கொண்டு போனேன். மாமாவின் மேசையில் அதை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எத்தனை தடவை சொல்றது? சார்ஜர் உள்ள வரக் கூடாதுன்னு உனக்கே தெரியாதா? நாளைக்கு இது ஒருத்தன் பைக்குள்ள போகும், அவனோடது உன் வீட்டுக்கு வரும்."

"செருகிப் பாருங்க மாமா."

"வாய் பேசுதே!"

"இதைச் செருகிப் பாருங்க. நம்ம சார்ஜர் வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செருகினார். கனமான வேலையைக் கொடுத்தார். இரண்டு விநாடி. 0.4. எங்கள் கடையில் முதல்முறையாக அந்த லேப்டாப் எலியானது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கை தட்டியிருப்பேன். ஒரு லேப்டாப் படுத்ததைப் பார்த்து யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்று பிறகு வெட்கமாக இருந்தது.

மாமா அதை முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டார். அக்கா எப்போதும் மூடி வைப்பாளே தவிர அணைக்க மாட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. சார்ஜர் எந்த வகை என்று தெரியவில்லை, அதனால் வேகம் குறைக்கப்படும் என்று அதில் இருந்தது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "எழுதியே போட்டிருக்கான்டி. நான் ரெண்டு தடவை வயித்தைக் கிழிச்சுப் பாத்திருக்கேன்."

சார்ஜர் முனையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஊசிபோல ஒன்று இருந்தது. கரண்ட் அது வழியாக வராதாம். நான் இன்னார், இவ்வளவு கரண்ட் தருவேன் என்று லேப்டாப்புக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலையாம். அதன் கம்பி அறுந்துவிட்டால் கரண்ட் வரும், அறிமுகம் வராது. யார் போடுகிற சாப்பாடு என்று தெரியாததால் லேப்டாப் பயந்துகொண்டு அரை வயிறாகவே இருக்கும். லேசான வேலைக்கு அது அவ்வளவாகத் தெரியாது. கேமரா, பதிவு என்று கனம் ஏறும்போதுதான் தெரியும்.

மாமா வயரை விரலால் உருட்டிக்கொண்டே வந்தார். கழுத்துக்குப் பக்கத்தில் ஓரிடம் எலும்பு முறிந்ததுபோல் நெகிழ்ந்தது.

"யார் இதை இப்படிச் சுத்தி வைக்கிறது?"

தினமும் அக்கா எழுந்ததும் அம்மாதான் சார்ஜரைக் கழற்றி, வயரை அந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் நூல்கண்டு மாதிரி இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, தலைமுடி ரப்பரும் போட்டு வைப்பாள். வயர் தரையில் கிடந்தால் அம்மாவுக்குத் தூக்கம் வராது.

"எங்கக்காதானே? சின்ன வயசுல என் செருப்பு வாரைக்கூட இப்படித்தான் சுத்தி வெப்பா" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சார்ஜர் சமாசாரம் வெளிய போக வேண்டாம். பாதிப் பேர் 'வீட்டுக்குப் போனா திரும்பப் படுக்குது'ன்னு வந்து நின்னாங்களே, அவங்களையெல்லாம் நான் துரத்தி விட்டிருக்கேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீதான் ஊமைக்கோட்டானாச்சே, உன்கிட்ட போய்ச் சொல்றேன் பாரு" என்று சுவரிலிருந்து ஒரு சார்ஜரைக் கழற்றிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். செருகினோம். கேமரா, பதிவு எல்லாம் ஓடின. 3.1. அம்மா, "நானா? நான் ஒழுங்கா வெச்சது ஒரு குத்தமா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா பழகுவதற்கு ஒரு பேச்சைப் போட்டாள். தட்டினாள். பத்து நிமிடம் கழித்து மதிப்பெண் வந்தது.

எண்பத்து மூன்று.

இன்னொரு முறை. எண்பத்தொன்று.

படுத்துக் கிடந்த லேப்டாப்பில் தொண்ணூற்றேழு வாங்கியவள், ஓடுகிற லேப்டாப்பில் எண்பத்தொன்று. நாங்கள் இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூலையில் 3.1 என்று அது பாட்டுக்கு இருந்தது. பிந்தலும் இல்லை. ஒரு விநாடிகூட இல்லை.

"பாத்தியா?" என்றாள் அக்கா. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "லேப்டாப் இல்ல. நான்தான். மாமா சரியாத்தான் சொல்லியிருக்காரு." எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் இருந்த நீல மேலங்கியை எடுத்து அளவு பார்த்தாள். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இந்த முறை நான் பேசாமல் இருக்கவில்லை. "இன்னொரு தடவை அடிக்கா. நான் உன்னைப் பாக்குறேன். திரையைப் பாக்கல."

அவள் முகம் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று அவள் கண்ணைப் பார்த்தேன். பேச்சு தொடங்கியது. ஒரு வாக்கியம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சொல் தவறாக விழுந்தது. அவள் கண் அங்கே நின்றது. விரல் திரும்பிப் போய் அதைத் திருத்தியது. அதற்குள் பேச்சு நான்கு சொல் தள்ளிப் போய்விட்டது. அதைப் பிடிக்கப் போய் இன்னொன்று தவறியது. கண் மறுபடி நின்றது.

"நீ திரையைப் பாக்குறே" என்றேன்.

"திரையைப் பாக்காம எங்க பாப்பாங்க?"

"முன்னாடி பாக்கலையே."

அக்காவின் கை நின்றது. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "முன்னாடி பாத்தா அங்க ஒண்ணும் இருக்காதே" என்றாள் மெதுவாக. "நான் அடிச்சது வந்து சேர்றதுக்குள்ள நான் எங்கயோ போயிருப்பேன். அதனால சுவத்தைப் பாத்துட்டே அடிப்பேன். இப்ப இது கூடவே வந்து தொலைக்குது. அடிக்க அடிக்க வந்து நின்னு, 'இங்க பாரு, தப்பு, தப்பு'ங்குது."

பத்து மாதமாக எலியோடு பழகியவளுக்குப் புலியின்மேல் உட்காரத் தெரியவில்லை. இதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. பழைய சார்ஜரையே போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிப் போட்டால் சொல் சரியாக வரும், பிந்தித் தோற்பாள். இதைப் போட்டால் பிந்தாது, சொல்லில் தோற்பாள்.

சமையலறை வாசலில் நின்று அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டாள்.

"இதுக்கா இந்தப் பாடு? பாக்காம அடி."

"அம்மா, கேமராவும் மூடிக்கிச்சு. நாளைக்கு என் முகம் தெரியணும். துண்டெல்லாம் போட விட மாட்டாங்க."

"அப்ப லைட்டை அணை."

அம்மா அறை விளக்கைச் சொன்னாள். அக்கா திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினாள். அமுக்க அமுக்கத் திரை மங்கி, கடைசியில் கறுப்பாகிவிட்டது. அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இவளுக்கு மட்டும் தெரியாது. கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.

அன்று மாலைக்குள் நான்கு முறை தட்டினாள். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து. போதுமா, போதாதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மேலங்கி கதவுக்குப் பின்னால் திரும்பப் போகவில்லை, நாற்காலியிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை பத்தரைக்கே மாமா கடையைப் பூட்டிவிட்டு இன்னொரு சார்ஜரோடு வந்துவிட்டார். தேர்வறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் அக்கா உள்ளே, நாங்கள் மூவரும் மூடிய கதவுக்கு வெளியே. பொத்தான்களின் சத்தம் மட்டும் கேட்டது. மழை தகரத்தில் விழுவதுபோல் ஒரே சீராகப் போனது.

"ஓடுதா?" என்று மாமா என் காதில் கேட்டார்.

"தெரியல."

"சத்தத்தை வெச்சு ஒண்ணும் தெரியலையா?"

"படுத்தப்பவும் இதே சத்தம்தான் மாமா வந்துச்சு."

இருபத்தைந்தாவது நிமிடத்தில் சத்தம் கொஞ்சம் தடுமாறியது. உள்ளே ஒலிபெருக்கியில் வேறொரு குரல் வந்ததுபோல் இருந்தது, என்னவென்று கேட்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள். பிறகு பழையபடி மழை. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குக் கதவு திறந்தது.

"முடிஞ்சுது" என்றாள் அக்கா. "நான் இன்னும் பாக்கல. திரை கறுப்பாத்தான் இருக்கு. நீயே போய்ப் பாரு."

நான் உள்ளே போய் வெளிச்சத்தை ஏற்றினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பிந்தல் ஒன்றரை விநாடி. சொல் தொண்ணூற்றாறு புள்ளி ஒன்று. அதன் கீழே 'தேர்ச்சி' என்று சிறியதாக எழுதியிருந்தது. அது தலைப்பாக இருக்குமோ, எல்லோருக்கும் வருமோ என்று சந்தேகமாகி மூன்று முறை படித்தேன்.

"என்னடி, வாயைத் திறவேன்!" என்றார் மாமா.

"தேர்ச்சின்னு போட்டிருக்கு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஓடிவந்து திரையை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தாள். அவளே தட்டிய எழுத்து, அவள் இதுவரை பார்க்காதது. யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் உதட்டை அசைத்துப் படித்தாள். யாரோ ஓர் அதிகாரி குடிநீர்க் குழாய்களைப் பற்றிப் பேசிய கூட்டம் அது. பாதியில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. அங்கே இப்படி இருந்தது:

'இரண்டாவது தெருவில் குழாய் பதிக்கும் பணி அடுத்த மாதம் தேர்வரே நீங்கள் திரையைப் பார்க்கவே இல்லை தூங்குகிறீர்களா தயவுசெய்து பதில் சொல்லுங்கள் சரி தட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் தொடருங்கள் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம்.'

அக்கா என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இது என்னையா கேட்டாங்க?" என்றாள். "கூட்டத்துல எவனோ தூங்கிட்டான்னு நினைச்சேன்டி."